ஆள்காட்டிக் குருவி நடக்காத களம்

அந்தக் காலத்தில் பறவைகளும் விலங்குகளும் பேசிக்கொண்டன. பேச்சு அலுத்துப்போனால் கும்மி ஆடின. பாட்டுக்கு வானம்பாடி. நடுவில் நின்று அடி சொல்லி ஆட்டத்தை நடத்துவதற்கு ஆள்காட்டிக் குருவி.

ஆட்டம் உள்ள நாளில் வெயில் தாழ்ந்ததும் ஆள்காட்டி களத்துக்குப் போய்விடும். நாலு அடி ஓடும், நிற்கும், குனிந்து பார்க்கும். முள் கிடந்தால் பொறுக்கும், பள்ளம் இருந்தால் மண்ணைத் தள்ளி மூடும். ஆடுகிறவர்கள் தரையைப் பார்ப்பதில்லை, அடி சொல்லும் குரலை நம்பித்தான் காலை வைக்கிறார்கள். இது ஆள்காட்டிக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு பௌர்ணமிக்கு மலைக்காட்டு மான்கள் விருந்தாட வருவதாகச் செய்தி வந்தது. ஆள்காட்டிக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானத்திலிருந்தே காலுக்கு மஞ்சள் பூச உட்கார்ந்துவிட்டது. இருப்பதே குச்சிக் கால், அதற்கு இத்தனை அலங்காரம்!

வானம்பாடி தேடிக்கொண்டு வந்தது.

"அக்கா, களத்தோட மேற்கு ஓரத்துல மூணு முட்டை வச்சிருக்கேன். மண்ணு நிறம், கண்ணுக்கே தெரியாது. நீங்க நடந்து பாக்கும்போது சுத்திக் கல்லு வச்சிருங்க."

"நான் பாத்துக்கறேன்டி. நீ போய்ப் பாட்டைக் கவனி."

மஞ்சள் காய்வதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. 'போன மாதம்தானே நடந்தேன், தெரியாத களமா? வட்டம் மேற்கு ஓரம் வரைக்கும் எங்கே போகப்போகிறது?' என்று நினைத்துக்கொண்டு ஆள்காட்டி நேராக நடுவில் போய் நின்றது.

நாலைந்து மான்கள் வரும் என்று பார்த்தால் மந்தையே வந்துவிட்டது. வட்டத்தில் தோளோடு தோள் இடித்தது. "மூச்சு முட்டுது" என்று முயல் முனகியது. ஆள்காட்டி உற்சாகத்தில் கூவியது:

"வட்டம் விரியட்டும்! பின்னால மூணு அடி! தட்டு!"

எல்லாரும் ஒன்றாகப் பின்னால் போனார்கள். கைதட்டிய சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. மேற்கே நின்ற ஒரு மான் மட்டும் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றது. குளம்பெல்லாம் ஈரம்.

பாட்டு நின்றுபோனது.

"நீங்க சொன்ன அடியைத்தானே வச்சேன்" என்றது மான்.

வானம்பாடி திட்டவில்லை. திட்டியிருந்தாலாவது தேவலை. "பாத்துக்கறேன்னு சொன்னீங்களே அக்கா. அதை நம்பித்தானே பாட நின்னேன்" என்று மட்டும் கேட்டுவிட்டு, தரையே வேண்டாம் என்பதுபோல வானத்தில் ஏறிப் பறந்தது.

ஆள்காட்டி உடைந்த முட்டை ஓட்டுத் துண்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதது. ஒரு சுற்று நடந்திருக்கலாம். ஒரே ஒரு சுற்று. அழுது அழுது கண்ணோரம் சிவந்து தடித்தது. அதன் பிறகு அது யாருக்கும் அடி சொல்லவில்லை. கேட்கவும் யாரும் வரவில்லை.

கண்ணோரச் சிவப்பு இன்னும் ஆறவில்லை, காலில் பூசிய மஞ்சளும் போகவில்லை. அன்று முதல்தான் ஆள்காட்டிக் குருவி, ஆட்டமே இல்லாத வெட்டவெளியில் நாலு அடி ஓடி, நின்று, குனிந்து தரையைப் பார்க்கிறது. யார் நடந்து வந்தாலும், காலை வைக்காதே என்று தலைக்கு மேலே பறந்து பறந்து கத்துகிறது.