முள்ளில்லாத தூண்டில்

முன்னொரு காலத்திலே, மழை வருமுன் மேகம் வாசலுக்கு வந்து சேதி சொல்லிப்போன காலத்திலே, அல்லிப்பேரேரி என்றோர் ஏரி இருந்தது. அதன் கரையில் அக்கா குயிலாயியும் தங்கை வேம்பாயியும் தூண்டில் போட்டுப் பிழைத்தார்கள். கோடையில் அல்லி இலைக்கடியில் பதுங்கும் விராலுக்குத் தவளைக்குஞ்சு. மழையில் கலங்கல் தண்ணீரில் மேயும் கெளுத்திக்கு மண்புழு. பனியில் இளவெயில் தேடிவரும் கெண்டைக்கு மாவு உருண்டை. பிடித்ததை ஊரோடு பகிர்ந்து உண்டார்கள்.

ஏரி நடுவில் ஒரு திட்டு. அங்கே கருநாரையன் என்ற மந்திரவாதி இருந்தான். மீனெல்லாம் தனக்கே வேண்டும் என்ற பேராசைக்காரன். ஒருநாள் குயிலாயி தண்ணீரில் கால் வைத்ததும் ஒரு பிடி சாம்பலைத் தூவினான். சளப்! குயிலாயி மீனாகிவிட்டாள்.

"ஐயோ, என் அக்காவைக் கொடுடா பாவி!" என்று வேம்பாயி கதறினாள்.

"பிடித்துக்கொள்ளேன்! மூன்று முறை தூண்டில் போடு. அவள் கரையேறினால் என் மந்திரம் அழியும். ஏறாவிட்டால் நீயும் மீன்தான்."

"என்ன மீனாக ஆக்கினாய்?"

"சொல்வேனா?" என்று சிரித்து, கைக்கோலைச் சுழற்றினான்.

அவ்வளவுதான், காலமெல்லாம் குழம்பிப்போயிற்று. சுள்ளென்று வெயில் அடித்தது. வேம்பாயி தவளைக்குஞ்சைக் கோத்து இலைமேல் எறிந்தாள். அது விழுவதற்குள் சடசடவென்று மழை. மண்புழுவை எடுத்தாள், பனி மூடிக்கொண்டது. மாவை உருட்டினாள், மறுபடி வெயில்! 'இது கோடையா, மழையா, பனியா? நான் நிற்பது கரையா, தண்ணீரா?' தலை கிறுகிறுத்தது. கை எதை எடுக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.

எப்படியோ ஒரு விரால் மாட்டியது.

"அக்கா! நீதானே?"

விரால் வாயைப் பிளந்தது, பேசவில்லை. "அது வெறும் விரால்!" என்றான் கருநாரையன். அவள் அதைத் தண்ணீரில் விட்டாள்.

அடுத்து ஒரு கெளுத்தி.

"அக்கா! நீயாவது?"

கெளுத்தி அவள் உள்ளங்கையில் முள்ளால் குத்தியது. "அது வெறும் கெளுத்தி!" வலியோடு அதையும் விட்டாள்.

அப்படியானால் அக்கா கெண்டையா? ஏரியில் ஆயிரம் கெண்டை! வேம்பாயி அழுதபடி மாவை உருட்டினாள். உருட்டிய கை பாதியில் நின்றது. பிறந்ததிலிருந்து தூண்டில் போட்டவள் அக்கா. இரைக்குள் முள் இருப்பது அவளுக்குத் தெரியாதா? எந்த இரைக்கு வருவாள்?

மாவைக் கரையிலேயே வீசிவிட்டாள். முள்ளை நூலிலிருந்து பல்லால் கடித்து அறுத்தாள். வெறும் நூலை ஏரியில் விட்டாள்.

"பைத்தியமே! முள்ளும் இல்லை, இரையும் இல்லை!" என்று கருநாரையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

வெயில் வந்தது, மழை வந்தது, பனி வந்தது. எதையும் அவள் பார்க்கவில்லை. "அக்கா, வாக்கா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுங்கும் நூலை இழுக்கவும் இல்லை.

நூல் மெல்ல இறுகியது. ஒரு சின்னக் கெண்டை நூல்முனையைத் தானாகவே கவ்விக்கொண்டு கரையை நோக்கி நீந்தி வந்தது. மணலைத் தொட்டதும் அங்கே குயிலாயி உட்கார்ந்திருந்தாள், சொட்டச் சொட்ட, பல்லிடுக்கில் நூலோடு!

கருநாரையனின் கோல் ஒடிந்தது. அவன் கறுத்த நாரையாய்ச் சுருங்கி, 'கிராக்' என்று கத்தியபடி பறந்தே போனான். அவன் இருந்த திட்டை ஊரார் இரு பெண்களுக்கும் கொடுத்தார்கள்.

"எப்படிக்கா என் நூலென்று தெரிந்தது?"

"முள்ளில்லாமல் எனக்காக நூல் விட வேறு யாருடி இருக்கிறார்கள்?" என்று அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டாள்.

ஏரி நிறைந்தது, ஊர்ச்சட்டி நிறைந்தது. கேட்ட உங்கள் மனசும் நிறையட்டும்!