கத்தரிக்கோலுடன் முன்னோர் மண்டபத்தில்

முன்னொரு காலத்தில், மனிதர்களைவிடப் பட்டுப்பூச்சிகளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு கிடைத்த ஒரு சீன நாட்டில், ஓர் அரசர் இருந்தார். நல்லவர்தான். கோபம் வந்தால் மட்டும் கண்மண் தெரியாது.

அந்தக் கோபம் புத்தாண்டு விருந்தன்று வந்தது. அந்த வருஷம் நகரத்துப் பெண்களுக்கு ஒரு புதுப் பைத்தியம். சட்டைக் கை முழங்கால் வரை தொங்க வேண்டும், ஓரமெல்லாம் பூ வேலை மின்ன வேண்டும். ஒரு வணிகரின் மனைவி குனிந்து வணங்கினாள் பாருங்கள், அவள் சட்டைக் கை மேசையைப் பெருக்கிக்கொண்டு போய், கொதிக்கிற தேநீரை அரசர் மடியில் கவிழ்த்தது. அரசர் துள்ளிக் குதித்தார்.

சடங்கு அமைச்சர் வெய் ஷூ இப்படி ஒரு நாளுக்குத்தான் காத்திருந்தார். மெல்ல அருகில் வந்தார்.

"அரசே, தேநீர் கொட்டியது சிறு விஷயம். பெண்கள் உடையை மாற்றினால் நாடே மாறிப்போகும். நம் முன்னோர் வீட்டுப் பெண்கள் இப்படியா உடுத்தினார்கள்? இந்தக் கேட்டைத் தொடங்கியவள் பூ வேலைக்காரி லியூ நியாங்."

தொடை எரிகிற வேதனையில் அரசர் அங்கேயே ஆணையிட்டார். "முந்தைய தலைமுறைப் பெண் உடுத்தியதிலிருந்து மாறிய சட்டைக் கை எதுவானாலும் வெட்டப்படட்டும். யாருக்கும் விலக்கு இல்லை, என் வீட்டுப் பெண்களுக்கும் இல்லை. வெட்டி முடித்ததும் அந்த லியூ நியாங்கை வடக்கு வாசல் வழியாகப் பாலைவனத்துக்குத் துரத்துங்கள்."

"வெட்டும் வேலையை விகடன் கோவ் தானுக்குக் கொடுக்கலாமே" என்றார் வெய் ஷூ, வாயெல்லாம் பல்லாக. "ஊர்ப் பெண்களுக்கு அவன் மேல் ரொம்பப் பிரியம்."

எப்பேர்ப்பட்ட மனுஷன், பார்த்தீர்களா! வெட்டினால் ஊர் காறித் துப்பும், மறுத்தால் அரசர் துரத்துவார். கோவ் தான் அரண்மனையில் சிரிக்கவைத்துப் பிழைப்பவன். அரசர் அவனோடு சிரிக்கும்போதெல்லாம் வெய் ஷூவுக்கு வயிறு எரியும்.

கோவ் தான் கைகட்டி நின்றான். "அரசே, எங்கிருந்து தொடங்கட்டும்?"

"எங்கே முதலில் மாறியதோ, அங்கிருந்து தொடங்கு."

"அதுவே முறை" என்று அமைச்சர் அவசரமாகத் தலையாட்டினார். "முதலில் மாற்றியவரின் கைதான் முதலில் விழ வேண்டும்."

லியூ நியாங்கைக் காவலர்கள் இழுத்து வந்தார்கள். நாற்பதைத் தாண்டிய விதவை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. கோவ் தான் தையல்காரர்களின் பெரிய கத்தரிக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சட்டைக் கை போனா போகட்டுங்க. துணிதானே, தைச்சுக்கலாம். ஊரை விட்டுத் துரத்துறாங்களாமே? வீட்ல மருமக நிறைமாசமா கிடக்கா. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. பக்கத்துல யாருமே இல்லீங்க."

"வெட்டி முடிச்ச பிறகுதானம்மா துரத்தணும்?" என்றான் கோவ் தான். "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. என்கூட நட."

அவன் சந்தைப் பக்கம் போகவில்லை. நேராக அரண்மனையின் முன்னோர் மண்டபத்துக்குப் போனான்! புத்தாண்டு என்பதால் மறைந்த அரசர்கள், அரசிகளின் பட்டுத்துணி ஓவியங்களையெல்லாம் வெளியே எடுத்து மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் தேநீர், பழம், ஆவி பறக்கும் வேகவைத்த ரொட்டி. கோவ் தான் அரச ஆணையைச் சொல்லி உள்ளே நுழைந்தான். ஏணியைச் சாத்தினான். ஏறினான். அரச வம்சத்தின் இரண்டாவது அரசியின் படத்தில் இருந்த சட்டைக் கையைக் கத்தரிக்கோலின் இரண்டு வாய்க்கும் நடுவே வைத்தான்.

காவலர்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். பின்னாலேயே வேவு பார்த்து வந்த வெய் ஷூவோ ஆனந்தத்தில் தலைகால் புரியாமல் அரசரிடம் ஓடினார். ராஜத் துரோகம்! இன்றோடு ஒழிந்தான்! அரசர் ஒரு காலில் மட்டும் செருப்போடு ஓடி வந்தார்.

"நிறுத்து! என் முப்பாட்டனாரின் தாயை என்ன செய்கிறாய்?"

"தங்கள் ஆணையைத்தான் நிறைவேற்றுகிறேன், அரசே. இதோ முதல் அரசி. குதிரை ஏறியவர், கை மணிக்கட்டோடு ஒட்டியிருக்கிறது. அவர் மருமகள் இவர். இவர் கைக்குள் ஒரு குழந்தையையே ஒளித்துவைக்கலாம். முதலில் மாறியது இங்கேதான்."

"மூடனே, அது ஓவியம். பெண் அல்ல."

கோவ் தான் ஏணியிலேயே திரும்பி உட்கார்ந்தான். "அப்படியா? காலையில் தாங்கள் இவர்களுக்குத் தேநீர் வைத்தீர்கள். மழை குறைந்ததைச் சொல்லி அழுதீர்கள். மகனுக்குப் பெண் பார்க்கும் விஷயத்தில் யோசனையும் கேட்டீர்கள். சாப்பாடு வைத்து யோசனை கேட்கிற அளவுக்கு உயிரோடு இருப்பவர்கள், ஆணைக்கு மட்டும் செத்துப்போனார்களா? தங்கள் வீட்டுப் பெண்களுக்கும் விலக்கு இல்லை என்றீர்களே."

அரசர் தலையை நிமிர்த்தினார். முதல்முறையாக அந்தப் படங்களை நன்றாகப் பார்த்தார். மூன்றாவது அரசியின் கை மறுபடி ஒடுங்கியிருந்தது. நான்காமவர் குட்டைக் கைக்குள் நீளக் கை போட்டிருந்தார். கடைசியில் இருந்தவர் அரசரைப் பெற்ற தாய். அவர் மாமியாரின் கையைவிட அவர் கை இரண்டு மடங்கு அகலம்.

"இவரையும் வெட்டட்டுமா?" என்று கோவ் தான் தணிந்த குரலில் கேட்டான்.

வெய் ஷூவால் பொறுக்க முடியவில்லை. "அரசே, இவன் பேச்சைக் கேட்காதீர்கள். அந்தந்த அரசியர் அந்தந்தக் காலத்து வழக்கப்படி உடுத்தினார்கள். அதில் என்ன குற்றம்?"

சொன்ன பிறகுதான் தன் வாயாலேயே கெட்டது அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். என்ன பிரயோசனம்?

"அடியேன் சொல்ல வந்ததும் அதுவேதான், அரசே" என்று கோவ் தான் ஏணியை விட்டு இறங்கினான். "அமைச்சர் அழகாகச் சொல்லிவிட்டார்."

அரசருக்கு முதலில் உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு தாயின் படத்தடியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆணை அங்கேயே ரத்தானது. கோவ் தானுக்கு ஒரு வெள்ளைக் குதிரை. வெய் ஷூவுக்கு, புத்தாண்டு முடியும்வரை எல்லா அரசிகளுக்கும் தேநீர் ஊற்றும் வேலை.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று அரசர் லியூ நியாங்கைக் கேட்டார்.

"வீட்டுக்குப் போகணும், சாமி. அது போதும்."

"போ. குழந்தை பிறந்ததும் திரும்பி வா. என் அரசியின் ஓவியம் இன்னும் எழுதப்படவில்லை. அதற்கான உடையை நீதான் தைக்க வேண்டும், அதே நீளக் கையோடு."

"நல்ல நீளமாகவே வைக்கச் சொல்லுங்கள், அரசே" என்றான் கோவ் தான். "நாளைக்கு நாம் யாரும் இல்லாதபோது, எவளாவது ஒருத்தி குட்டைக் கை போடுவாள். அப்போது ஓர் அமைச்சர் நம் அரசியின் படத்தைக் காட்டித்தான் கேட்பார், 'நம் முன்னோர் வீட்டுப் பெண்கள் இப்படியா உடுத்தினார்கள்?' என்று."

லியூ நியாங் அதைக் கேட்க நிற்கவில்லை. இரண்டு சட்டைக் கைகளையும் முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, வீட்டைப் பார்த்து ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தாள்.