செண்பகவல்லியின் ஈப்பெட்டி

ஆவுடையப்பன் வெகுகாலம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்துவிட்டு, தலை நரைத்த பிறகு ஆராய்ச்சிக்கு வந்தவர். அவருக்கு வழிகாட்டியான பேராசிரியர் செண்பகவல்லி அவரைவிடப் பத்து வயது இளையவர். அதனால் மாணவரை அவர் ‘சார்’ என்று கூப்பிடுவார். மாணவர் அவரை ‘மேடம்’ என்பார். இதில் யார் குரு, யார் சீடர் என்று பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

செண்பகவல்லியின் ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது பழ ஈக்கள். அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றுமே, அதேதான். அதன் உடம்புக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு. எப்போது விழிப்பது, எப்போது உறங்குவது என்று அதுதான் சொல்லும். சில ஈக்களுக்கு அந்தக் கடிகாரம் பிறவியிலேயே மெதுவாக ஓடும். அந்த மெதுவோட்டம் தாய் தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்கு எப்படிப் போகிறது என்பதுதான் ஆவுடையப்பனின் ஆராய்ச்சி.

வேலையில் ஒரே ஒரு கண்டிப்பு. புழுக்கூட்டிலிருந்து ஈ வெளியே வருவது விடியற்காலையில். வந்த சில மணி நேரத்துக்குள் பெண் ஈக்களைத் தனியாகப் பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் அவை பக்கத்திலிருக்கும் ஆண்களோடு சேர்ந்துவிடும். பிறகு பிறப்பதெல்லாம் யார் பிள்ளை என்று யாருக்கும் தெரியாது. சோதனை அதோடு பாழ்.

ஆவுடையப்பனால் காலையில் எழ முடியாது. பள்ளிக்கூடத்திலாவது மணி அடித்து விரட்டினார்கள், பாதித் தூக்கத்தில் ஓடினார், தாமதத்துக்குத் தலைமையாசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இங்கே விரட்ட ஆளில்லை. அலாரம் வைத்துப் பார்த்தார். மனைவியிடம் முகத்தில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார். அந்த அம்மாளும் ஆசையோடுதான் தெளித்தாள். மனிதர் எழுந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். கூடத்துக்கு வந்து சேர உச்சிவேளை ஆகிவிடும். வந்த பிறகு எல்லோரும் கிளம்பிப் போனாலும் சலிக்காமல் வேலை பார்ப்பார். அதை யார் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்?

மறுபடியும் ஈக்கள் பாழாய்ப்போன ஒரு நாள், அவர் செண்பகவல்லியின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

“மேடம், நான் படிப்பை விட்டு நின்னுக்கிடுதேன்.”

செண்பகவல்லி நுண்ணோக்கியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். சோம்பேறித்தனம் பிறவியிலேயே வருமா?”

“யாருக்காகக் கேக்குதீங்க?”

“எங்க அப்பாவுக்காக.”

அவருடைய அப்பா கெட்டிக்காரத் தையல்காரராம். ஆனால் கடையைத் திறக்க மத்தியானம் ஆகுமாம். பால்காரர் கதவைத் தட்டி ஓய்ந்துபோய்ப் பாலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவாராம். ஊரில் அவருக்கு ‘உச்சிவேளை’ என்றே பெயர். எவ்வளவு நேர்த்தியாகத் தைத்துக் கொடுத்தும் சாகிறவரை அந்தப் பெயர் போகவில்லை.  அப்பாவின் மேல் ஆவுடையப்பனுக்கு அத்தனை பிரியம்.

செண்பகவல்லி அடுத்த தொகுதி ஈக்கள் கூட்டிலிருந்து வெளிவரும்வரை மட்டும் இருக்கச் சொன்னார். வழக்கம்போல வந்தால் போதும் என்றார்.

ஆவுடையப்பனும் வழக்கம்போல உச்சிவேளைக்குத்தான் வந்தார். நம்பிக்கையில்லாமல், ஈக்களை வைத்திருக்கும் பெட்டியைத் திறந்து புட்டியை எடுத்தார். உள்ளே அப்போதுதான் பிறந்த ஈக்கள். உடம்பு வெளிறி, சிறகுகூட இன்னும் சரியாக விரியாமல் கண்ணாடியில் தத்தித் தத்தி ஏறிக்கொண்டிருந்தன. அவசர அவசரமாகப் பெண்களைப் பிரித்தார். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. தனக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று நினைத்தார். வீட்டுக்குப் போகும்போது மனைவிக்கு மிக்சர் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார். நின்றுகொள்கிற பேச்சையே பிறகு அவர் எடுக்கவில்லை.

அந்த உற்சாகத்தில் ஒரு நாள் நடக்காதது நடந்தது. அவர் முதல் பஸ்ஸைப் பிடித்துக் காலையிலேயே வந்துவிட்டார். மேடம் வருவதற்குள் ஈக்களைப் பிரித்துவைத்து அசத்திவிட வேண்டும் என்று ஆசை. பெட்டிக் கதவைத் திறந்தால் உள்ளே கும்மிருட்டு. ஈக்கள் அங்கங்கே ஒட்டிக்கொண்டு அசையாமல் தூங்கின. ஈக்களுக்குப் பகல் காட்டும் விளக்குதான் போய்விட்டதோ என்று பின்பக்கம் குனிந்து பார்த்தார். விளக்கு நன்றாகத்தான் இருந்தது. அதை நேரம் பார்த்துப் போடுகிற கடிகாரத்தை யாரோ பல மணி நேரம் தள்ளி வைத்திருந்தார்கள். அவர் தினமும் வந்து சேரும் நேரத்துக்குச் சற்று முன்னால்தான் அந்தப் பெட்டிக்குள் விடியும். அந்த யாரோ யார் என்று அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

செண்பகவல்லி வந்தபோது அவர் ஸ்டூலில் முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார். பெட்டிக் கதவு திறந்தே கிடந்தது.

“திறந்துட்டீங்களா?”

“திறந்துட்டேன்.”

“பாவம், அதுங்களுக்கு இப்ப ராத்திரி.” செண்பகவல்லி கதவை மெல்லச் சாத்தினார். “பாதித் தூக்கத்துல எழுப்பினா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?”

ஆவுடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. தான் தேறிவிட்டதாக நினைத்துச் சந்தோஷப்பட்டதைச் சொன்னார். படிக்க வந்தவன்தான் படிப்புக்குத் தக்கபடி வளைய வேண்டும், படிப்பு அவனுக்காக வளையக் கூடாது என்றார். விஷயம் தெரிந்தால் கூடத்திலிருக்கும் பையன்கள் சிரிப்பார்கள் என்றார். செண்பகவல்லி ஈ பிரிக்கும் தூரிகையைத் துடைத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நான்தான் மேடம் மாறியிருக்கணும். எனக்காகப் போயி ஈயை மாத்திட்டீங்களே.”

“ஈயையும் மாத்தலை சார், லைட்டைத்தான் மாத்தினேன். வீட்டுக்குப் போயித் தூங்கிட்டு வாங்க. விடிய இன்னும் நேரம் இருக்கு.”