வெட்டுக்கிளி என்ற குதிரையைப் படம் பிடித்த கதை

எங்கள் ஆவரங்காட்டில் புத்தி கொஞ்சம் மட்டு என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பொறாமை, வேறென்ன? எங்கள் ஊரில் போட்டோ ஸ்டூடியோ உண்டு, அவர்கள் ஊரில் உண்டா? கேமரா ஒன்றுதான், முதலாளிகள் மூன்று பேர். செண்பகராமன் பட்டனை அமுக்குவார். இருளப்பன் பின்னால் திரை கட்டுவார். தாவீது, “ஆடாதீங்க, அசையாதீங்க!” என்று சத்தம் போடுவார்.

இருபது வருஷத்தில் அவர்கள் எடுத்ததில் சுத்தமாக விழுந்தவை இழவு வீட்டுப் படங்கள்தான். அங்கேதான் ஆள் கண் சிமிட்டுவதில்லை. அங்கேயும் தாவீது “லேசா சிரிங்க” என்று சொல்லி ஒருதடவை உதை வாங்கியிருக்கிறார்.

இப்பேர்ப்பட்டவர்களிடம்தான் வண்டிக்கார ஒச்சப்பன் ஓடி வந்தார். குதிரை வண்டிப் பந்தயத்தில் ஓடும் வெட்டுக்கிளி அவருடைய குதிரை. அது தின்னாமல் இவர் தின்னமாட்டார்.

“அண்ணாச்சி, என் உசுரே உங்க கையிலதான் இருக்கு. குதிரை ஜெயிச்சுது ஜெயிச்சுதுன்னு நாலு வருஷமா சொல்றேன், என் வீட்டுக்காரி நம்ப மாட்டேங்கிறா. ஞாயித்துக்கிழமை பந்தயத்துல அது முதல்ல வர்ற படத்தைக் கொண்டுவாங்க, இல்லன்னா திங்கக்கிழமை சந்தையில வித்துட்டு எருமை வாங்கிருவேன், அதுவாவது பால் கறக்கும்கிறா!” என்று சொல்லி ஒச்சப்பன் அழுதேவிட்டார்.

மூவரும் மனம் இளகிப்போனார்கள். ஆனால் ஓடுகிற எதையும் அவர்கள் எடுத்ததில்லையே! மதுரையில் பெரிய போட்டோக்காரர் ஒருவருக்குப் போன் போட்டார்கள். அவர், “மூணே விஷயம்தான். குதிரை வர்றதுக்கு முன்னாடியே எல்லைக் கோட்டுல ஃபோகஸ் வச்சுக்கங்க. அமுக்கும்போது மூச்சை அடக்கிக்கங்க. பின்னணி சுத்தமா இருக்கட்டும்” என்றார்.

உடனே கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனை நடந்தது.

“குதிரையே வராம வெறும் கோட்டுல எப்படி ஃபோகஸ் வைக்க?” என்றார் செண்பகராமன்.

“ஒரு ஆளு குதிரை மாதிரி நிக்கணும்” என்றார் தாவீது. இருவரும் இருளப்பனைப் பார்த்தார்கள்.

“நிக்கிறேன். ஆனா எனக்கு வால் இல்லையே?”

செண்பகராமன் வெகுநேரம் யோசித்தார். “நாம முன்னால இருந்துதானே எடுக்கப் போறோம். வால் தெரியாது.”

அடுத்தது மூச்சு. “அமுக்குறதும் நான், மூச்சடக்குறதும் நானா? ஒருத்தன் எத்தனை வேலைதான் பாக்குறது?” என்று செண்பகராமன் சிடுசிடுத்தார். நியாயம்தானே? மூச்சடக்கும் பொறுப்பைத் தாவீது ஏற்றுக்கொண்டார்.

பின்னணிக்கு ஆலோசனையே தேவைப்படவில்லை. “நம்ம அருவித் திரை இருக்கே! போன மாசம்தான் துவைச்சேன். அதைவிடச் சுத்தம் எங்க இருக்கு?” என்றார் இருளப்பன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மைல் பந்தயம். அந்தப் பக்கம் கொடியை ஆட்டினார்கள் என்று ஒலிபெருக்கியில் கேட்டதுமே தாவீது மூச்சை அடக்கினார். குதிரைகள் முதல் மைல்கல்லைத் தாண்டுவதற்குள் மனிதர் பொத்தென்று விழுந்தார். சோடா தெளித்து நிழலில் கிடத்தினார்கள்.

தூரத்தில் புழுதி கிளம்பியது. முதலில் வெட்டுக்கிளி! அடுத்த வண்டி பின்னால் எங்கேயோ வருகிறது. ஒச்சப்பன் சாட்டையையே தொடவில்லை, சந்தோஷத்தில் பாடிக்கொண்டு வருகிறார். அந்த நேரம் பார்த்து, எல்லைக் கோட்டுக்கு அந்தப்புறம் இரண்டு புளியமரங்களுக்கு நடுவே ரோட்டை மறித்து அருவித் திரையைக் கட்டினார் இருளப்பன். கட்டிவிட்டுக் கோட்டின்மேல் நாலு காலில் நின்றார். ஏதோ திறப்பு விழா என்று நினைத்துக் கமிட்டிக்காரர்கள் கைதட்டினார்கள்.

ஆறு மைல் ஓடிவந்த குதிரை. முன்னால் கொட்டுகிற அருவி. வெட்டுக்கிளி கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் சடக்கென்று நின்று, இருளப்பன் தலைக்கு மேலே கழுத்தை நீட்டித் திரையை நக்கியது.

“ஏ ராசா, போடா! ஒரு எட்டுதாண்டா!” என்று ஒச்சப்பன் கதறினார்.

“அப்படியே இருக்கட்டும்! குதிரைன்னா இது குதிரை!” என்று செண்பகராமன் அமுக்கினார். “ஒச்சப்பா, நீ கொஞ்சம் தாடையைத் தூக்கு. பக்கவாட்டுல இன்னொண்ணு!”

அந்த இன்னொன்று எடுத்து முடிப்பதற்குள் மூன்று வண்டிகள் மரத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டன. வெட்டுக்கிளி நாலாவது, அதுவும் திரைச் சாயம் ஒட்டிய பச்சை நாக்கோடு.

சாயங்காலம் ஒச்சப்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படத்தை மனைவி பஞ்சவர்ணத்திடம் நீட்டினார். மூன்று முதலாளிகளும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நின்றார்கள். பஞ்சவர்ணம் படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

“அடப்பாவி மனுசா! பந்தயத்துக்குப் போறேன்னு பொய் சொல்லிட்டுக் குற்றாலத்துக்கா போனீங்க? குதிரை போயிருக்கு. இந்த இருளப்பன்கூடக் குளிக்கிறதுக்குக் குனிஞ்சு நிக்கிறான். கட்டின பொண்டாட்டி நான் மட்டும் ஆகாதவளா? நாளைக்கு அதே வண்டியில என்னையும் கூட்டிட்டுப் போகாம குதிரையை எவனாவது விக்கிறேன்னு சொல்லிப் பாக்கட்டும்!”

ஒச்சப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் குற்றாலத்துக்கு எந்தப் பக்கம் போவது? அவரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய், “கவலைப்படாத, அது எங்க ஸ்டூடியோவிலதான் இருக்கு” என்றார் செண்பகராமன்.

திங்கட்கிழமை காலை வெட்டுக்கிளி பூட்டிய வண்டியில், தலை நிறைய எண்ணெயும் கையில் சீயக்காய்ப் பொட்டலமுமாகப் பஞ்சவர்ணம் ஸ்டூடியோவில் வந்து இறங்கினாள். அருவித் திரைக்கு முன்னால் நின்று, “குளுகுளுன்னு இருக்குங்க” என்று கண்ணை மூடினாள். திரைக்குப் பின்னால் ஏணிமேல் நின்று இருளப்பன் வாளி வாளியாக அவள் தலையில் ஊற்றினார். செண்பகராமன் கேமராவைத் தூக்கினார்.

பந்தயத்தன்று ஒரு வார்த்தை பேசாமல் மயங்கிக் கிடந்த குறை தாவீதுக்கு. இன்று சேர்த்துவைத்துச் சத்தம் போட்டார். “அம்மா, ஆடாதீங்க! அசையாதீங்க!”

பஞ்சவர்ணம் சிலையாக நின்றாள். வாசலில் குதிரைகூட நின்றது. தாவீது அண்ணாந்து பார்த்து முறைத்தார்.

“ஏய் அருவி! உனக்குத் தனியாச் சொல்லணுமா? நில்லு!”