இருக்கிற இடத்திலேயே மானியம்

"இன்னைக்கு நம்ம முறைத்தண்ணி. மடைப்பலகையை ஒத்தை ஆளா என்னால தூக்க முடியல. அங்க நாத்து கருகுது. நீங்க இங்க அரைச் சவரத்தோட உட்கார்ந்திருக்கீங்க!"

பூங்கோதை சொன்னது எழுத்துப் பிசகாமல் இதுதான். சொன்னதும் வீட்டுக்குள் அல்ல. முச்சந்தியில், முடிதிருத்தும் கடை வாசலில், இடுப்பில் கைவைத்துக்கொண்டு. நாற்காலியில் அவள் புருஷன் சடையப்பன். ஒரு கன்னம் மழமழ. மறு கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்து வரட்டி மாதிரி வெடித்திருந்தது.

"கத்தாத புள்ள. அசைஞ்சா மானியம் வராது."

காலையில் வேளாண்மை ஆபீஸ் ஜீப் ஒலிபெருக்கியோடு வந்தது. "விவசாயிகளே, மானியத்துக்காக எங்கும் அலையாதீர்கள்! இருக்கிற இடத்திலேயே பணம் வந்து சேரும்!" என்று கத்திவிட்டுப் போய்விட்டது. காத்தாம்பட்டி அப்படியே உறைந்தது. ஆண்டவன் மூளை பங்கிட்ட அன்று இந்த ஊர் ஆண்கள் வேறேதோ வரிசையில் நின்றிருக்க வேண்டும்.

கடைக்காரர் பெயர் அய்யாவு. அவருக்கும் கொஞ்சம் கடலைக்காடு உண்டு. தூக்கிய கத்தியோடு அவரும் சிலை. எதிரே தென்னைமர உச்சியில், தேங்காய் பறிக்க ஏறிய வீரணன். குப்பாண்டி பாடுதான் சிக்கல். ஒரு கால் பஸ் படியில், ஒரு கால் தரையில். விசில் ஊதி ஊதிக் கண்டக்டருக்குக் கன்னமே வீங்கிவிட்டது.

"மாமா, எனக்கு எந்தக் காலுக்குப் பணம் வரும்?" என்றான் குப்பாண்டி.

சடையப்பன் ஆழ்ந்து யோசித்தார். "தரைக்காலுக்குத்தான். பஸ்ல இருக்கிற கால் கவர்மெண்ட் கால்."

"அப்ப எங்க காலைக் குடுத்துட்டு எறங்குய்யா!" என்றார் கண்டக்டர்.

"எறங்கினா இருந்த இடம் மாறிடுமே," என்றார் அய்யாவு, உதடு மட்டும் அசைய.

அந்த நேரம் பார்த்து பூங்கோதை கையிலிருந்த போன் சிணுங்கியது. படித்தாள். "அட மகாராசன்களா, பணம் ஏறிடுச்சு! எந்திரிங்க!"

"ஏறிடுச்சா?"

எல்லாத் தலையும் தென்னைமரத்தை நோக்கி நிமிர்ந்தது.

"டேய் வீரணா, ஏறிச்சாமே! வந்துச்சா?"

வீரணன் மட்டைகளை விலக்கிப் பார்த்தான். "காணோம் அண்ணே. ஒரு அணில்தான் ஏறிச்சு."

"ஏறினது எறங்கித்தானே ஆகணும்," என்றான் குப்பாண்டி கவலையாக. "எங்க விழுந்துச்சோ?"

பூங்கோதை வெயிலைப் பார்த்தாள். இவர்களுக்குப் பாடம் நடத்தி முடிப்பதற்குள் நாற்று வைக்கோலாகிவிடும்.

"மடைக்குள்ள விழுந்துச்சு," என்றாள். "பலகைக்கு அடியில. நானே பார்த்தேன்."

சோப்புக் கன்னமும், கத்தியும், இரண்டு காலும் ஒன்றாகப் பறந்தன. கண்டக்டர் பஸ்ஸைக் கிளப்பிக்கொண்டு தப்பினார். மடைப்பலகையை வேரோடு பிடுங்குகிற மாதிரி தூக்கினார்கள். தண்ணீர் குபுகுபுவென்று பூங்கோதை வயலுக்குப் பாய்ந்தது. மூவரும் இடுப்பளவுச் சேற்றில் தலையை விட்டுத் துழாவ, வாடிக் கிடந்த நாற்று நனைவதைப் பார்த்துக்கொண்டே அவள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள்.

தென்னை உச்சியிலிருந்து மட்டும் குரல் வந்துகொண்டே இருந்தது:

"அண்ணே! எனக்குப் பசிக்குது! யாராவது ஒருத்தர் மேல வந்து என் இடத்துல உட்காருங்களேன், நான் போய் ஒரு வாய் சாப்பிட்டுட்டு வந்துடுறேன்!"