கேட்டுக்கு வெளியே முதலாளி

ஆவுடையப்பன் தன் ஜவுளிக்கடையில் யாரை வேலையைவிட்டு நீக்கினாலும் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். மறுநாள் காலையில் வாட்ச்மேன் கேட்டை மறிப்பான், அவ்வளவுதான். என்ன தப்பு செய்தோம் என்றே தெரியாமல் அழுதுகொண்டு போவார்கள். இவரெல்லாம் ஒரு பெரிய மனுஷன்!

அன்றைக்கு மாட்டினவள் சேலைப் பிரிவில் வேலை பார்த்த பேராச்சி.

"காரணத்தை மட்டும் சொல்லுங்கண்ணே, போயிருதேன்" என்றாள்.

"எனக்கே தெரியாதும்மா. இங்கனயே நில்லு" என்றான் வாட்ச்மேன் சுடலைமுத்து.

முதலாளியின் கார் வந்தது. சுடலைமுத்து கேட்டைத் திறக்கவில்லை. சேலை எடுக்க வந்த பெண்கள் கூடிவிட்டார்கள். முதலாளி வெயிலில் இறங்கிக் கத்தினார்.

"ஏலே, என்னையே நிறுத்துதியா? எதுக்குலே?"

"மறிச்சா காரணம் சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க, மொதலாளி."

"என் கேட்டுல என்னையே மறிச்சதுக்கு உன் வேலை போச்சுலே! வெளிய போ!"

சுடலைமுத்து தொப்பியைக் கழற்றினான்.

"மூஞ்சியப் பார்த்துச் சொல்லிட்டீங்க, காரணத்தையும் சொல்லிட்டீங்க. இதே மாதிரி பேராச்சிக்கும் சொல்லிருங்க. ரெண்டு பேரும் போயிருதோம்."

பேராச்சி முன்னால் வந்து நின்றாள். முதலாளி கூட்டத்தைப் பார்த்தார். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துக் கால் வீங்கிப்போய், கடையில் ஆளில்லாத நேரத்தில் அவள் கொஞ்சம் உட்கார்ந்தாள் என்பதை அத்தனை பெண்களுக்கு முன்னால் எந்த வாயால் சொல்வார்?

"சொல்லும் அண்ணாச்சி, நாங்களும் கேக்கோம்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

முதலாளி வெயிலில் நின்றார். நிற்கட்டும். இத்தனை வருஷமும் பேராச்சி நின்றாளே!