சடையாண்டி மக்கலை

"மக்கலை!"

கழுத்து வரைக்கும் மண்ணுக்குள்ள நின்ன சடையாண்டியைச் சுத்தி வந்து, காது மடலைச் சுண்டிப் பாத்து, மோந்தும் பாத்துட்டு ஊர்த்தலைவர் ராக்கப்பன் சொன்ன ஒத்தை வார்த்தை அதான். சடையாண்டிக்கு உலகமே இருண்டு போச்சு.

"நல்லாப் பாருங்க மாமா. இடது கால் மரத்துப் போயிருக்கு. அதுலேருந்து ஆரம்பிக்குதோ என்னமோ."

"முந்தாநாள் உன்னை உள்ள வெச்சோம். வாழைப்பழமா இருந்தா இந்நேரம் ஒரு வழி ஆயிருக்கும். நீ இன்னும் டீ கேக்குற."

விஷயம் என்னன்னா, மொட்டப்பாறை மயானத்துல ஆளாளுக்குச் சிமெண்டுல சமாதி கட்டிக் கட்டி, அடுத்து சாகப் போறவருக்கு நிக்கக்கூட இடம் இல்லாமப் போச்சு. அப்பதான் டவுன்லேருந்து நிவேதான்னு ஒரு பொண்ணு ஸ்கூட்டியில வந்து கூட்டம் போட்டுச் சொல்லுச்சு. "சிமெண்டு வேண்டாம், பெட்டி வேண்டாம். பருத்தித் துணியில சுத்தி அப்படியே மண்ணுல வெச்சு, மேல ஒரு மரக்கன்னு நடுங்க. உடம்பு உரமாயிடும், நிலமும் மிச்சம், ஊருக்கு ஒரு தோப்பும் ஆச்சு. ஒண்ணே ஒண்ணு, மக்காத எதையும் உள்ள விட்டுடாதீங்க."

ஊருக்கே பிடிச்சுப் போச்சு. அந்தக் கடைசிப் பேச்சுதான் தூக்கத்தைக் கெடுத்துச்சு. யாரு மக்குவாங்க, யாரு மக்க மாட்டாங்கன்னு முன்னாடியே தெரிய வேண்டாமா?

சோதனைக்கு முதல் ஆளா கையைத் தூக்கினது சடையாண்டி. அவர் பொண்டாட்டி வெள்ளத்தாயி அங்கதான் படுத்திருக்கா, மேல ஒரு மருதாணிச் செடி. பஸ்ஸுல சீட்டுப் பிடிக்கிற மாதிரி, பக்கத்து இடத்துல அவளைப் புதைச்ச அன்னிக்கே துண்டைப் போட்டு வெச்ச மனுஷன். அந்த இடத்துலயே நின்னு இப்ப ஃபெயில்.

"அந்தத் துண்டு எங்க?"ன்னு கேட்டார் டீக்கடை பிச்சைமணி. மண்ணைக் கிளறிப் பாத்தா நூல் நூலா வந்துச்சு.

"துண்டு பாஸ்," தலைவர் தீர்ப்புச் சொன்னார். "இடம் துண்டுக்குத்தான்."

சடையாண்டிக்குக் கண்ணு கலங்கிச்சு. துடைக்கலாம்னா கை உள்ள இருக்கு. "உருப்படாதவன்னு அப்பா சொன்னாரு. விளங்காதவன்னு வாத்தியார் சொன்னாரு. மக்கக்கூட லாயக்கில்லாதவன்னு இன்னிக்குத்தான் தெரியுது."

"வெள்ளத்தாயி மட்டும் மக்கியிருப்பாளா?" பிச்சைமணிக்கு அடுத்த சந்தேகம்.

"சுத்தமா மக்கியிருப்பா மச்சான். எந்த வேலையை அவ அரைகுறையா விட்டிருக்கா?"

பொண்டாட்டியைச் சடையாண்டி விட்டுக் குடுக்கலை.

"என்னைச் சொல்றீங்களே, நீங்கள்லாம் மக்கிருவீங்களா?"ன்னு சடையாண்டி ஒரு கேள்வி கேட்டார் பாருங்க! மானப் பிரச்சினையாயிடுச்சு. தலைவர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுக் குழியில இறங்கினார். பின்னாடியே ஊரு இறங்குச்சு. கடைசியா இறங்கின பிச்சைமணிக்கு மண்ணு தள்ள ஆள் இல்ல. தானே தள்ளிக்கிட்டார். ஒரு கை மட்டும் வெளிய நின்னு போச்சு. ஊருக்கெல்லாம் மூக்குச் சொறிய அந்த ஒரு கைதான்.

மரக்கன்னு கொண்டு வந்த நிவேதா பாத்தப்ப, முட்டைக்கோஸ் தோட்டம் மாதிரி வரிசையாத் தலைங்க.

"ஐயையோ! என்ன பண்றீங்க?"

"மக்குறோம் தாயி. மக்க மாட்டேங்குது."

"உயிரோட இருக்கிறவங்க எப்படிங்க மக்குவாங்க? செத்தப்புறம்தான்!"

"செத்து, அப்புறம் மக்கலைன்னா? எந்திரிச்சு வெளிய வர்றது யாரு?"ன்னு தலைவர் கேட்டார்.

அந்தப் பொண்ணு மண்வெட்டியை எடுத்துச்சு. ஊரைத் தோண்டி எடுத்து முடிக்கிறதுக்குள்ள அதுக்குப் பேசவும் தெம்பு இல்ல. "மக்காததை எல்லாம் என்ன தாயி பண்ணணும்?"னு யாரோ கேக்க, குப்பையைத்தான் கேக்குறாங்கன்னு நினைச்சு, "கழுவிக் காயவெச்சுப் புதன்கிழமை வண்டியில போடுங்க"ன்னுட்டுப் போயிடுச்சு.

புதன்கிழமை காலையில ஊரே குளிச்சு, வெயில்ல காஞ்சு, ரோட்டோரம் நின்னுச்சு. குப்பை வண்டிக்காரர் தலையைக்கூடத் தூக்காம, "கலந்து குடுத்தா எடுக்க மாட்டேன், பிரிச்சு வைங்க"ன்னுட்டு வண்டியை எடுத்துட்டார்.

பிரிச்சாங்க. சோடாபுட்டி போட்ட தலைவர் கண்ணாடிப் பக்கம். கால்ல ராடு வெச்ச பிச்சைமணி இரும்புப் பக்கம். பல்செட்டுக்காரங்க பிளாஸ்டிக் பக்கம். சடையாண்டியை மட்டும் எதுலயும் சேக்க முடியலை. பல்லுகூட சொந்தப் பல்லு.

"எதுலயும் சேராததை எடுத்த இடத்துலயே வெச்சிருவோம்," தலைவர் சொல்லிட்டார்.

சடையாண்டி ஓடின ஓட்டம் இருக்கே! போய்க் குழியில இறங்கி, "வெள்ளத்தாயி, கொஞ்சம் தள்ளிப் படு"ன்னார். முறைப்படி அவர் தலைமேல ஒரு வேப்பங்கன்னும் நட்டாச்சு. ரெண்டு இலை விட்டிருக்கு. தண்ணி ஊத்துறப்ப மட்டும் வாயைத் திறந்துக்குவார்.

மத்தவங்க இன்னும் ரோட்டோரம் பிரிஞ்சுதான் நிக்கிறாங்க. உங்க ஊர்லயும் இப்படி ஆச்சா? நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்க?